ரப்பர் கதவு: ‘தி சிம்ப்சன்ஸ்’ முதல் சீசன் டிவிடி, ஒரு நிகழ்வு ஆய்வு

யாரோ கதவை ஓங்கிச் சாத்துகிறார்கள். கதவு மூடிக்கொள்ள வேண்டியதுதானே? அது நெளிகிறது. சட்டமும் கூடவே ஆடுகிறது. மரத்தில் செய்த கதவாகத் தெரியவில்லை, ரப்பரில் வார்த்த கதவாகத் தெரிகிறது.

அமெரிக்கக் கார்ட்டூன் தொடரான ‘தி சிம்ப்சன்ஸ்’ முதல் சீசன் டிவிடி அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 25 அன்று கடைக்கு வந்தது. அதன் கூடுதல் பகுதிகளுக்குள் போனால் இந்த மாதிரியான துண்டுக் காட்சிகள் சில நிமிடங்களுக்கு ஓடும். இவை டிவியில் ஒளிபரப்பானவை அல்ல. தயாரிப்பாளர்கள் முதல் தடவை பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்த காட்சிகள். பொருளை விற்க வந்தவன் அதில் இருந்த ஓட்டையையும் எடுத்துக் காட்டி, இதையும் சேர்த்துத்தான் தருகிறேன் என்று சொன்ன மாதிரி. அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது, அது எப்படி வியாபாரமானது, அப்புறம் எங்கே போனது என்பதுதான் இங்கே விஷயம்.

கொரியாவிலிருந்து வந்த படம்

கதை 1989இல் தொடங்குகிறது. மேட் குரோனிங் வரைந்த சிம்ப்சன் குடும்பம் 1987 ஏப்ரல் 19 அன்று ‘தி டிரேசி உல்மன் ஷோ’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சியில் ஓரிரு நிமிடத் துணுக்காக முதலில் வந்தது. மொத்தம் 48 துணுக்குகள். அதைப் பார்த்து ஃபாக்ஸ் நெட்வொர்க் அரை மணி நேரத் தொடராக 13 எபிசோடுகள் கேட்டது. ஃபாக்ஸ் அப்போது ஆரம்பித்து மூன்று வருடம்கூட ஆகாத புது சேனல். பெரியவர்கள் பார்க்கும் நேரத்தில் கார்ட்டூன் போடுவது அமெரிக்க டிவியில் கிட்டத்தட்ட வழக்கொழிந்துபோன காலம் அது.

வேலை நடந்த முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிழை அங்கேதான் பிறந்தது. கதையை எழுதி, குரல் பதிவு செய்து, காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து, முக்கியமான நிலைகளைத் தீட்டி முடிப்பது வரை லாஸ் ஏஞ்சலஸில் கிளாஸ்கி சூப்போ ஸ்டுடியோவின் வேலை. அதற்குப் பிறகு எல்லாம் தென் கொரியாவுக்குப் போகும். அங்கே ஏகாம் என்ற ஸ்டுடியோவில் இடைப்பட்ட அசைவுகளை வரைந்து, கண்ணாடித் தாளில் வண்ணம் தீட்டி, ஒவ்வொரு ஃபிரேமாகப் படம் பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள். அது கைக்கு வரும்வரை, எழுதியவர்களுக்கும் இயக்கியவர்களுக்கும் தங்கள் படம் உண்மையில் எப்படி அசையப் போகிறது என்று முழுசாகத் தெரியாது. மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்தால்தான் உண்டு.

முதலில் தயாரான எபிசோடு ‘சம் என்சான்டட் ஈவ்னிங்’. குடும்பத்தின் அப்பா ஹோமரும் அம்மா மார்ஜும் வெளியே சாப்பிடப் போகும் இரவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருபவள் திருடியாக இருந்துவிடும் கதை. இதைத்தான் முதல் எபிசோடாகப் போடுவதாக இருந்தார்கள். கொரியாவிலிருந்து வந்ததைப் போட்டுப் பார்த்தபோது அறையில் இருந்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். புரூக்ஸ் கடுமையாகவே பேசினார். உருவங்கள் நெகிழ்ந்தன, கதவுகள் நெளிந்தன. பழைய கார்ட்டூன்களில் அது தப்பே இல்லை. ‘டாம் அண்ட் ஜெர்ரி’யில் பூனை தகடாக நசுங்கிவிட்டு மறுநொடி எழுந்து ஓடுகிறது, நாமும் சிரிக்கிறோம்.

ஆனால் குரோனிங் இதற்கு வேறு ஒரு விதி வைத்திருந்தார். தோல் மஞ்சள், கைக்கு நாலு விரல், மார்ஜின் கூந்தல் நீலக் கோபுரம். அதெல்லாம் இருக்கட்டும். ஆனால் விழுந்தால் அடிபட வேண்டும், கதவு கதவாக இருக்க வேண்டும். நிஜ உலகத்தில் நடக்க முடியாதது இவர்கள் வீட்டில் நடக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பது டிசம்பரில் வந்த கிறிஸ்துமஸ் எபிசோடைப் பார்த்தால் புரியும். ஹோமருக்கு அந்த வருடம் போனஸ் இல்லை. வீட்டில் சேர்த்து வைத்திருந்த பணம் மகன் பார்ட் கையில் குத்திக்கொண்ட பச்சையை அழிப்பதில் போய்விட்டது. மனைவியிடம் சொல்ல வாய் வராமல் ஹோமர் கடைத்தெருவில் தாடி ஒட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் தாத்தா வேலைக்குப் போகிறான். நம் வீடுகளில் தீபாவளி போனஸ் வராத வருடம் அப்பாக்கள் இருந்த இருப்பு எனக்கு ஞாபகம் வருகிறது. சுவர் ரப்பராக இருக்கிற வீட்டில் இந்தக் கவலை எடுபடாது.

சரி, என்ன செய்தார்கள்? அடுத்து வர வேண்டிய ‘பார்ட் தி ஜீனியஸ்’ வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். அதுவும் இப்படியே வந்திருந்தால் தொடரையே கைவிடும் யோசனை புரூக்ஸுக்கு இருந்தது. நல்லவேளை, அதில் இருந்தவை திருத்தக்கூடிய குறைகள். இலையுதிர் காலத்தில் தொடங்க வேண்டிய தொடர் தள்ளிப்போனது. தயாரிப்பு வரிசையில் எட்டாவதாக இருந்த கிறிஸ்துமஸ் எபிசோடு முந்திக்கொண்டு 1989 டிசம்பர் 17 அன்று முதலாவதாக வந்தது. ‘பார்ட் தி ஜீனியஸ்’ 1990 ஜனவரி 14. கெட்டுப்போன எபிசோடைச் சுமார் 70 சதவீதம் புதிதாக வரைந்து, இயக்குநர் டேவிட் சில்வர்மன் மேற்பார்வையில் சரிசெய்து, 1990 மே 13 அன்று சீசனின் கடைசியாகப் போட்டார்கள். முதல் பிள்ளை கடைக்குட்டியாகிவிட்டது.

பெட்டிக்குள் வைத்தது

பன்னிரண்டு வருடம் கழித்து இதே கெட்டுப்போன துண்டுகளைத்தான் டிவிடியில் போட்டார்கள், படைப்பாளிகளின் பேச்சையும் சேர்த்துக் கேட்கும்படி.

அந்தக் காலச் சந்தையை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். அதுவரை டிவி தொடரை வீட்டில் வைத்துக்கொள்வதென்றால் கேசட்தான். ஒரு கேசட்டில் சில எபிசோடுகள், அதுவும் அவர்களாகப் பொறுக்கி எடுத்த ‘சிறந்தவை’. 22 எபிசோடு உள்ள சீசனை முழுசாக வாங்கினால் அலமாரியில் ஒரு தட்டே போய்விடும். டிவிடி வந்ததும் கணக்கு மாறியது. ஃபாக்ஸ் 2000 மே மாதம் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடரின் முதல் சீசனை முழுசாக ஒரே பெட்டியில் வெளியிட்டுப் பார்த்தது. அது போணியானதும் சிம்ப்சன்ஸ் பக்கம் திரும்பினார்கள். 13 எபிசோடு, கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், மூன்று டிஸ்க்.

அமெரிக்கா செப்டம்பர் 11 தாக்குதலில் நிலைகுலைந்து கிடந்த நேரத்தில், அது நடந்து இரண்டே வாரத்தில் வெளியீடு. அப்படியும் விற்றது. டிவி தொடர் டிவிடிகளில் அதிகம் விற்றது என்ற பெயரை அது தட்டிக்கொண்டு போனது. 2004 அக்டோபரில் ‘சப்பெல்ஸ் ஷோ’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சியின் முதல் சீசன் முந்தும்வரை அந்தப் பெயர் அதனிடமே இருந்தது.

இத்தனைக்கும் முதல் சீசன் சிம்ப்சன்ஸின் சிறந்த சீசன் என்று ரசிகர்கள் யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். கோடுகள் கரடுமுரடு. ஹோமருக்குக் குரல் தந்த டான் காஸ்டெல்லனெட்டா அப்போது நடிகர் வால்டர் மாத்தாவின் குரலை மனதில் வைத்துக்கொண்டு கட்டைக் குரலில் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் உலகம் பூராவும் தெரிந்த ஹோமர் குரல் இது இல்லை. மூன்றாவது எபிசோடில் வரும் ஸ்மிதர்ஸைப் பாருங்கள். முதலாளி பர்ன்ஸுக்குப் பின்னாலேயே நிற்கும் அந்த உதவியாளர், வண்ணம் தீட்டியதில் வந்த பிழையால் கறுப்பினத்தவராக இருக்கிறார். அதற்குப் பிறகு மஞ்சளாகிவிடுகிறார். டிவிடிக்காக உட்கார்ந்து அதை மாற்றியிருக்கலாம், மாற்றவில்லை.

மாற்றாமல் விட்டதோடு நிற்கவில்லை. 13 எபிசோடுக்கும் கமெண்டரி சேர்த்தார்கள். ரிமோட்டில் ஒலித்தடத்தை மாற்றினால் வசனம் அடங்கி, குரோனிங்கும் கூட இருந்தவர்களும் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவது கேட்கும். இங்கே ஏன் இந்தக் கோணம், இந்த நகைச்சுவை யார் போட்டது, இந்த வாய் ஏன் இப்படிக் கோணிக்கொண்டிருக்கிறது. பத்து வருடத்துக்கு முந்தைய சொந்த ஆல்பத்தைப் புரட்டும்போது வரும் கூச்சமும் சிரிப்பும். உல்மன் ஷோ துணுக்குகளில் முதலாவதான ‘குட் நைட்’டும் உள்ளே இருந்தது. விருந்தினராக வந்த நடிகர் ஆல்பர்ட் புரூக்ஸ் பதிவு அறையில் மனதில் தோன்றியபடி பேசித் தள்ளி, படத்தில் இடம்பெறாமல் போன வசனங்களும் இருந்தன.

என் கணிப்பு, விற்றது எபிசோடு மட்டும் அல்ல. மறு ஒளிபரப்பில் அவை தினமும் சும்மாவே கிடைத்தன. ஆனால் அங்கே கிடைத்தவை விளம்பரத்துக்கு இடம் தேடி ஆங்காங்கே நறுக்கியவை. பெட்டியில் இருந்தது நறுக்காத முழு எபிசோடு, அது எப்படி உருவானது என்ற கதை, கூடவே அது எப்படிக் கெட்டுப்போய் மீண்டது என்ற சாட்சியம். இந்த மூன்றாவதற்கு வேறு கடை கிடையாது.

இதே வேலையை மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். எம்டிவியின் ‘டாரியா’ 2002இல் முடிந்த அனிமேஷன் நகைச்சுவைத் தொடர். டிவிடி வந்தது 2010 மே மாதம். பின்னணியில் ஒலித்த பாடல்களுக்கு உரிமை வாங்கக் கட்டுப்படியாகாததால் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டு வேறு இசையைப் போட்டார்கள். எட்டு வருடம் காத்திருந்தவர்களுக்கு டாரியா கிடைத்தாள், அவள் அறையில் ஓடிய பாட்டு கிடைக்கவில்லை.

டிவிடி விற்பனைக்கு அப்போது இருந்த செல்வாக்குக்கு இன்னொன்று. ஃபாக்ஸ் 2002இல் நிறுத்திவிட்ட ‘ஃபேமிலி கை’ கார்ட்டூன் தொடர், 2003இல் வந்த டிவிடியின் விற்பனையாலும் கேபிள் மறு ஒளிபரப்புக்குக் கிடைத்த கூட்டத்தாலும் 2005 மே மாதம் மறுபடி டிவிக்கு வந்தது. செத்துப்போன தொடரை எழுப்பும் பலம் ஒரு பிளாஸ்டிக் தட்டுக்கு இருந்தது.

ஹோமர் தலை

இரண்டாம் சீசன் 2002 ஆகஸ்டில், மூன்றாவது 2003 ஆகஸ்டில். 2004இல் நான்காவதும் ஐந்தாவதும். ஐந்தும் புத்தகம் போலச் செவ்வகப் பெட்டிகள், அலமாரியில் தோளோடு தோள் நிற்கும்.

2005 ஆகஸ்ட் 16 அன்று வந்த ஆறாவது சீசன், ஹோமரின் தலை வடிவத்தில் வார்த்த பிளாஸ்டிக் உறையில் வந்தது. வழுக்கை மண்டை, முட்டைக் கண், துருத்திய வாய். கடையில் தூரத்தில் நின்றே அடையாளம் தெரியும், விற்பனைப் பிரிவில் யாரோ கைதட்டியிருப்பார்கள். வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் மற்ற ஐந்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வரிசையில் சேரவில்லை. ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் அற்பமான சண்டை. சேகரிப்பவனிடம் கேட்டுப்பாருங்கள். பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தில் நாலு ஒரே அளவிலும் ஒன்று மட்டும் வட்டத் தட்டாகவும் வந்தால் என்ன செய்வோம்? ஃபாக்ஸ் சீக்கிரமே இறங்கி வந்தது. வேண்டியவர்கள் சாதாரண செவ்வக உறையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வழி செய்தது. ஏழாவது சீசனிலிருந்து தலையும் பெட்டியும் இரண்டும் கடையில் கிடைத்தன. ஏழில் மார்ஜ், எட்டில் கைக்குழந்தை மேகி, ஒன்பதில் மகள் லிசா, பத்தில் பார்ட். யாருக்கு எது வேண்டுமோ அது.

இந்தச் சம்பவத்தை நான் தோல்வியாக எழுதவில்லை. பொருள் மோசமாக இருந்தபோது வாங்கியவன் கத்தினான், விற்றவன் காதில் விழுந்தது, மாற்று உறை வந்தது. கையில் பிடிக்கும் பொருளாக இருந்ததால்தான் இந்தப் பேச்சுவார்த்தையே நடந்தது.

ஒன்பதாவது சீசன் பெட்டியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதில் ஹோமர் தன் காரை மீட்க நியூயார்க் போகிற எபிசோடு. கார் நிற்பது உலக வர்த்தக மையக் கோபுரங்களுக்கு நடுவே. செப்டம்பர் 11க்குப் பிறகு அந்த எபிசோடு மறு ஒளிபரப்புகளிலிருந்து நீக்கப்பட்டது. 2006 டிசம்பரில் வந்த டிவிடியில் அது அதன் இடத்திலேயே இருந்தது.

தேய்ந்த கதை

2010 ஜனவரியில், தொடரின் இருபதாண்டு விழாவை ஒட்டி, வரிசையை உடைத்து இருபதாவது சீசனை வெளியிட்டார்கள். சிம்ப்சன்ஸின் முதல் புளூரே அதுதான். படம் பளிச்சென்று இருந்தது, ஆனால் கமெண்டரி இல்லை. ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அது அபாய மணி. கமெண்டரியைச் செலவாகப் பார்க்கத் தொடங்கிய இடம் அது. அதற்குப் பிறகு வந்த பழைய சீசன்களில் கமெண்டரி திரும்பியது உண்மைதான். ஆனால் வருடத்துக்கு ஒன்று என்ற வேகத்தில் வந்தால் தொடரை எட்டிப்பிடிக்கவே முடியாது. 2014 டிசம்பரில் 17ஆவது சீசன் வந்தது. 2015 ஏப்ரலில், இனி டிஸ்க் கிடையாது என்று தயாரிப்பாளர் ஆல் ஜீன் அறிவித்தார். ரசிகர்கள் விடவில்லை. 2017 டிசம்பரில் 18ஆவதும் 2019 டிசம்பரில் 19ஆவதும் வந்தன. அப்போது டிவியில் 31ஆவது சீசன் ஓடிக்கொண்டிருந்தது.

அதே 2019 மார்ச்சில் ஃபாக்ஸின் பெரும்பகுதியை டிஸ்னி வாங்கி முடித்திருந்தது. நவம்பர் 12 அன்று டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது முப்பது சீசன் சிம்ப்சன்ஸ் மொத்தமாக அதில் ஏறியது. இனி எதற்கு டிஸ்க் என்று கேட்கத் தோன்றும்.

பதிலுக்கு, தொடரில் வரும் டஃப் பீர் தொழிற்சாலைக் காட்சியைப் பார்ப்போம். நான்காவது சீசனில், ‘டஃப்லெஸ்’ என்ற எபிசோடில் வருகிறது. ஹோமர் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கிறான். மூன்று பெரிய தொட்டிகள்: டஃப், டஃப் லைட், டஃப் டிரை. மேலே பார்த்தால் மூன்றுக்கும் ஒரே குழாயிலிருந்து பீர் கொட்டுகிறது. யாரும் எதுவும் சொல்வதில்லை, படம்தான் நகைச்சுவை. இது பழைய 4:3 சதுர டிவிக்காக வரைந்தது. அகலத் திரையை நிரப்புவதற்காக டிஸ்னி பிளஸ் அதை 16:9க்கு வெட்டியிருந்தது. அப்படி வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். போன கால் பங்கில் குழாயும் போனது. மூன்று தொட்டி மட்டும் சும்மா நின்றது.

இது புதுத் தப்பும் இல்லை. 2014 ஆகஸ்டில் எஃப்எக்ஸ்எக்ஸ் சேனல் 552 எபிசோடுகளை 12 நாள் தொடர்ந்து போட்டபோதும் இதே போல வெட்டி, இதே திட்டு வாங்கியது. டிஸ்னி கேட்டுக்கொண்டது, சரிசெய்கிறோம் என்றது. 2020 மே 28 அன்றுதான் பழைய அளவில் பார்க்கும் வசதி வந்தது. ஆறு மாதம். அதுவரை குழாய் டிவிடியில் ஒழுகிக்கொண்டிருந்தது.

வெட்டியதைத் திருப்பி ஒட்டிவிட்டார்கள். எடுத்துவிட்ட ஒன்று திரும்பவில்லை. மூன்றாம் சீசனின் முதல் எபிசோடு ‘ஸ்டார்க் ரேவிங் டாட்’, 1991 செப்டம்பர் 19 அன்று வந்தது. மனநல விடுதியில் ஹோமர் சந்திக்கும் ஒரு பருமனான வெள்ளைக்காரன் தன்னை மைக்கேல் ஜாக்சன் என்று நம்புகிறான். அவனுக்குப் பேசியது நிஜ மைக்கேல் ஜாக்சன். ஒப்பந்தச் சிக்கலால் டைட்டிலில் ஜான் ஜே ஸ்மித் என்று போட்டார்கள், பாடியது அவரைப் போலவே பாடும் வேறொருவர். 2019 மார்ச்சில், ஜாக்சன் மீதான பாலியல் குற்றச்சாட்டுகளைச் சொல்லும் ‘லீவிங் நெவர்லேண்ட்’ ஆவணப்படம் வந்ததும், புரூக்ஸ் இந்த எபிசோடைப் புழக்கத்திலிருந்து எடுக்க முடிவு செய்தார். தொடரை உருவாக்கியவர்களுக்கு அந்த உரிமை உண்டு என்றுதான் நினைக்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு இந்த எபிசோடைப் பார்த்துச் சிரிப்பது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆனால் எடுத்த விதம் வேறு. 2001இல் இதே ஆட்கள் தங்கள் அவமானத்தைப் போட்டுக் காட்டி, பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொன்னார்கள். 2019இல் ஓர் எபிசோடு பட்டியலிலிருந்து போனது, அவ்வளவுதான். அது ஏன் இல்லை என்று சொல்லும் கமெண்டரி கிடையாது.

என்னிடம் மூன்றாம் சீசன் அமெரிக்கப் பதிப்பு இருக்கிறது, பழையதாக வாங்கியது. டிவிடிகளை வட்டாரம் வாரியாகப் பூட்டியிருப்பார்கள், இது ரீஜன் 1. இந்தியா ரீஜன் 5, அதனால் வீட்டு பிளேயர் அதை விழுங்கிவிட்டு ஒன்றும் புரியாத மாதிரி முழித்தது. கடைசியில் பழைய லேப்டாப் டிரைவில் ரீஜனை மாற்றினேன். அந்த டிரைவ்களில் மொத்தம் ஐந்து தடவைதான் மாற்ற விடுவார்கள், நான் மூன்றைத் தீர்த்துவிட்டேன். ஸ்ட்ரீமிங்கில் மூன்றாம் சீசன் லிசா வாஷிங்டனுக்குப் போவதிலிருந்து தொடங்குகிறது. லேப்டாப்பில் முதல் டிஸ்க்கைப் போட்டு ‘பிளே ஆல்’ அழுத்தினால், கரகரவென்று சுற்றி, முதலில் வருவது ‘ஸ்டார்க் ரேவிங் டாட்’.